ஓதிய ஈயம்

மூன்றாவது தடவையும் ஹஸ்னியாவை ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவும் எப்போது? பச்சை அங்கியை மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, கண்ணில் சொட்டு மருந்தெல்லாம் விட்டு முடித்த பிறகு. கடைசியாக ஒரு தடவை பிரஷர் பார்த்துவிடுகிறேன் என்று வந்த பெண் பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள், போய்க் கண் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருநூற்றுப் பத்துக்கு நூற்றுப் பதினைந்து.

"இந்தப் பிரஷரோட கண்ணுல கத்தி வெச்சா உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு, இருக்கிற கண்ணும் போயிடும்மா," என்றார் அவர். "குறைச்சுக்கிட்டு வாங்க. ஆகஸ்ட் கடைசியில ஒரு நாள் தர்றேன். அதுக்கு மேல விட்டா புரை முத்திப்போகும். அப்புறம் என்னைக் கேட்காதீங்க."

"குறைச்சுக்கிட்டு வாங்கன்னா? அது என்ன அடுப்புத் தீயா, விறகை வெளிய இழுத்தா குறையறதுக்கு?" என்று அங்கியைக் கழற்றிக்கொண்டே முணுமுணுத்தாள் ஹஸ்னியா. வாய்தான் அப்படிப் பேசியது. மனதெல்லாம் கண் மேல்தான். இடது கண் போய் நான்கு வருஷமாகிறது. வலது கண்ணிலும் புரை இறங்கிவிட்டது. புருஷன் முகம் எதிரே வந்தால் மீசை இருக்கும் இடம் மட்டும் நிழலாகத் தெரியும். ஆகஸ்டிலும் திருப்பி அனுப்பினால் அதுவும் தெரியாது. அறுபது வயதில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

நுஸ்ரெத் வராந்தாவில் அவளுடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். உங்களுக்கென்ன, கல்லு மாதிரி உடம்பு. ஆலையில வெந்தது நீங்க, பொங்கறது எனக்கா?"

இதுதான் அவளுக்குத் தாங்கவே முடியாத விஷயம். நுஸ்ரெத் ஊர் ஈய ஆலையில் பதினெட்டு வருஷம் உலைக்குப் பக்கத்தில் நின்றவர். நாட்டில் சண்டை வந்து ஆலை மூடியதோடு வீட்டில் உட்கார்ந்தவர். காலையில் ஒரு பாத்திரம் காப்பி, பகல் முழுக்க சிகரெட், உப்புக் கண்டம் போட்ட மாட்டிறைச்சி. இத்தனைக்கும் பிரஷர் நூற்று இருபத்தைந்துக்கு எண்பது. மனிதர் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். ஹஸ்னியாவோ ஆலை வாசலைக்கூட மிதித்ததில்லை. உப்பை விட்டாள், காப்பியைப் பாதியாக்கினாள், ஒரு நாளைக்கு நாலு மாத்திரை விழுங்கினாள். பிரஷர் இறங்குவேனா என்றது.

அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் ஆலைதான். பல் விழுந்தால் ஆலை, பசு சினை பிடிக்காவிட்டால் ஆலை, மருமகள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால்கூட "எல்லாம் அந்த ஈயப் புகைதான், ரத்தத்துல ஊறிப்போச்சு" என்பார்கள். மூடி இருபத்து நாலு வருஷமான ஆலை பாவம், திரும்பப் பதில் சொல்லவா போகிறது? அதனால் வேறு எதையும் யாரும் தேடியதில்லை.

தேடியவள் டாக்டர் ஸெலிஹா. சுகாதார நிலையத்துக்கு வந்து எட்டே மாதமான சின்னப் பெண். "நாலு மாத்திரைக்கும் அசையாத பிரஷர்னா வேற ஏதோ இருக்கு," என்று சொல்லி, ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க தலைநகர் சரயேவோவுக்கு அனுப்பினாள். ஆலையில் வேலை பார்த்தவராயிற்றே என்று நுஸ்ரெத்துக்கும் சேர்த்து எடுத்தாள். ஏப்ரலில் முடிவு வந்தது.

"நுஸ்ரெத் ஐயாவுக்குப் பதினொண்ணு," என்று டாக்டர் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். "ஹஸ்னியாம்மாவுக்கு நாற்பத்தாறு."

"மாத்திப் படிக்கிறீங்கம்மா," என்றாள் ஹஸ்னியா.

"மாத்தலை. ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டேன்." டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "பழைய ஈயம்னா எலும்புல தங்கியிருக்கும். கொஞ்சங் கொஞ்சமா ரத்தத்துக்கு வரும். ஆனா இவ்வளவு வராது. இப்பவும் எங்கிருந்தோ உங்க உடம்புக்குள்ள போய்க்கிட்டே இருக்கு. அதுதான் பிரஷரை இறங்க விடாம பிடிச்சு வெச்சிருக்கு. வீட்டுல ஈயத்தை எதுக்காவது தொடுறீங்களா? பேட்டரி உடைக்கிறது, மீன் வலைக்குக் குண்டு வார்க்கிறது, அந்த மாதிரி?"

"இல்லையே," என்றாள் ஹஸ்னியா.

மூலையில் ஊசி மருந்துகளை எண்ணிக்கொண்டிருந்த நர்ஸ் மெவ்லிதாவின் கையிலிருந்து பேனா கீழே விழுந்தது. அவள் குனிந்து அதை எடுக்க ரொம்ப நேரமாயிற்று.

ஏன் ஆகாது? போன செவ்வாய்க்கிழமைதானே மெவ்லிதா ஹஸ்னியாவின் சமையலறையில் முக்காலி மேல் உட்கார்ந்திருந்தாள்! தலைக்கு மேல் சிவப்புத் துணி, துணிக்கு மேல் தண்ணீர்க் கிண்ணம். அடுப்பில் இரும்புக் கரண்டியில் உருகிய ஈயத்தை ஹஸ்னியா எடுத்து, மூன்று தடவை ஓதி, கிண்ணத்தில் ஊற்றினாள். சுர்ரென்றது. தலைக்கு மேல் ஒன்று, நெஞ்சுக்கு நேரே ஒன்று, முழங்காலுக்கு மேல் ஒன்று. பயம் இறக்குவது என்றால் இதுதான். தண்ணீரில் ஈயம் முள்முள்ளாக உறைந்தால் பயம் பெரிது, வழவழவென்று உறைந்தால் போய்விட்டது. சண்டை முடிந்த வருஷம் ஹஸ்னியா இதைத் தொடங்கினாள். புருஷன் திரும்பி வராத பெண்கள், பாதாள அறையில் மூன்று வருஷம் பதுங்கியிருந்துவிட்டுப் படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் என்று தெருவே அவள் வாசலில் நின்றது. ஒரு பொட்டலம் காப்பித்தூளோ சர்க்கரையோ வைத்துவிட்டு, முகம் தெளிந்து போவார்கள். இருபது வருஷமாக வாரத்துக்கு நாலு நாள்.

அதற்கு ஒரு முறை உண்டு. ஊற்றும்போது ஜன்னல் கதவு ஒன்றும் திறந்திருக்கக் கூடாது. திறந்திருந்தால் இறங்கிய பயம் வெளியே போய்த் தெருவில் போகிற எவன் மேலாவது ஏறிக்கொள்ளும். ஆண்பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது. நுஸ்ரெத்தைக் காப்பிக் கடைக்குத் துரத்திவிடுவாள். அவர் போய் டோமினோ ஆடுவார். வந்தவர்கள் அரை மணி உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். மூடிய அறையில் நாள் முழுக்கக் கரண்டிக்கு மேல் குனிந்து நிற்பவள் ஒருத்திதான். கண் மங்க மங்க, உறைந்த ஈயத்தின் உருவம் தெரியவில்லை என்று முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். இதில் கூத்து என்னவென்றால், ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முந்தைய வாரம், பிரஷர் இறங்கட்டும் என்று தனக்குத் தானே தினமும் ஊற்றிக்கொண்டாள். ஊற்றிய தண்ணீரில் மூன்று மடக்குக் குடிக்கவும் செய்தாள்.

அவள் பொய் சொன்னாள் என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் கேட்டது பேட்டரி ஈயத்தை, அழுக்கை. இது ஓதிய ஈயம். அல்லாவின் பெயர் பட்டது கெடுதல் செய்யுமா? அப்படித்தான் அவள் மனது சொல்லிக்கொண்டது. பேனா விழுந்த சத்தம் கேட்டதிலிருந்து அந்த மனது கொஞ்சம் தயங்கவும் செய்தது.

ஆனால் நுஸ்ரெத் சும்மா இருக்கவில்லை. மண்ணில் ஈயம் இருக்கும், கீரையில் ஏறும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். அவருடைய தோட்டம் என்றால் அவருக்கு உயிர். சண்டைக் காலத்தில் வீட்டைப் பசியிலிருந்து காப்பாற்றிய தோட்டம் அது. வெங்காயப் பாத்தி, கீரைப் பாத்தி, முளைவிட்டு நிற்கும் பூண்டு, எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக் குவித்தார்.

"ஏ மனுசா, என்ன பண்றீங்க? பூண்டு இன்னும் ரெண்டு மாசத்துல விளையுமே!" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள் ஹஸ்னியா.

"விளைஞ்சு என்னத்துக்கு? உன் கண்ணைவிடவா பூண்டு பெருசு? கடையில வாங்கித் தின்னுக்கலாம். நீ உள்ள போ, தூசி பறக்குது."

அவர் முதுகு அவளுக்கு ஒரு சாம்பல் நிறத் திட்டாகத்தான் தெரிந்தது. அது குனிந்து குனிந்து நிமிர்ந்தது. தோட்டத்தில் தப்பில்லை என்று அந்த நேரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே தோட்டத்துக் கீரையைத்தானே அவரும் தின்றார்? அவருக்கு மட்டும் ஏன் பதினொன்று?

சாயங்காலம் மெவ்லிதா வந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. செருப்பை வாசலில் உதறிவிட்டு நேரே சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நான் சுத்தி வளைக்கலை. அந்த ஈயம்தான். எனக்கு அங்கேயே தெரிஞ்சு போச்சு."

"அது ஓதின ஈயம், மெவ்லிதா."

"ஓதினா என்ன, ஓதாட்டி என்ன? உருக்கினா ஆவி வரும். ஆவி மூக்குல போகும். உங்க மூக்கும் எங்க மூக்கு மாதிரிதானே இருக்கு?"

"தெரிஞ்சவ அங்கேயே வாயைத் திறந்திருக்கலாமே! பேனாவைத் தேடிக்கிட்டுக் கிடந்தியே!"

"எப்படித் திறப்பேன்? நர்ஸே போய்ப் பயம் இறக்கிட்டு வர்றாளான்னு டாக்டரம்மா சிரிக்க மாட்டாங்களா? வேலைக்கே உலை வெச்சிடுவாங்க." மெவ்லிதா முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "வெட்கமாத்தான் இருக்கு. ஆனா ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு வெட்கம், உங்களுக்குக் கண்ணு. நாளைக்கு நீங்க வந்து சொல்லலைன்னா நானே சொல்லிடுவேன். என்னையும் சேர்த்துத்தான்."

ஹஸ்னியா அடுப்பைப் பார்த்தாள். பழைய நினைப்பில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள்: "நிறுத்திட்டா இவங்கெல்லாம் எங்க போவாங்க?"

"முதல்ல நீங்க எங்க போறீங்கன்னு பாருங்க," என்றாள் மெவ்லிதா.

மறுநாள் காலை இருவரும் டாக்டர் முன்னால் போய், திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். ஹஸ்னியா எல்லாவற்றையும் சொன்னாள். கரண்டி, துணி, மூடிய ஜன்னல், மூன்று மடக்குத் தண்ணீர். சொல்லச் சொல்ல டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாள். முகத்தில் என்ன இருக்கிறதென்று ஹஸ்னியாவுக்குத் தெரியவில்லை. அதுதான் பெரிய அவஸ்தை.

"கத்துறதுன்னா கத்திடுங்கம்மா," என்றாள். "படிக்காத முட்டாள்னு சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

"நான் எதுக்குக் கத்தப் போறேன்?" டாக்டரின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "உங்களுக்கு என்னை அடையாளம் தெரியலை, இல்ல? பாலத்துக்கு அந்தப் பக்கம், தையல்காரி ரெமிஸாவோட பொண்ணு. மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போறதுக்கு முதல் நாள் பயத்துல வாந்தி எடுத்தேன். எங்கம்மா என்னை இழுத்துக்கிட்டு உங்ககிட்டதான் வந்தாங்க. சிவப்புத் துணிக்குள்ள உட்கார்ந்து அழுதேன். நீங்க என் தலையில கை வெச்சு, 'போம்மா, போய் டாக்டராகி வா'ன்னு சொன்னீங்க."

மெவ்லிதா வாயைப் பிளந்தாள்.

"பாஸ் பண்ணிட்டியா?" என்று ஹஸ்னியா கேட்டுவிட்டு, கேட்டது எவ்வளவு அபத்தம் என்று உறைத்ததும் சிரித்துவிட்டாள். மூவரும் சிரித்தார்கள். வெளியே வரிசையில் காத்திருந்தவர்கள் கதவைத் தட்டும் அளவுக்குச் சிரித்தார்கள். ஹஸ்னியாவின் நெஞ்சில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த பாரம் அந்தச் சிரிப்பிலேயே பாதி இறங்கிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு வேறொரு நினைப்பு வந்தது. "டாக்டரம்மா, பிள்ளைங்க வந்துச்சே. வயித்துப் பிள்ளைக்காரிங்க வந்தாங்களே. அவங்களையும் நான்..."

டாக்டர் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அடிக்கடி வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் நாலு பேர் பிள்ளைகள். மெவ்லிதாதான் முதலில் கையை நீட்டினாள். முடிவு வரப் பன்னிரண்டு நாளாயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் ஹஸ்னியா சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒன்பது பேருக்கும் ஒன்றுமில்லை என்று மெவ்லிதா வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தபோதுதான் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒரு முழுத் தட்டு உருளைக்கிழங்கை மாவில் சுருட்டிச் சுட்ட பீத்தாவை ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தாள்.

ஈயத்தை நுஸ்ரெத் தகரப் பெட்டியில் போட்டு மூடி, டாக்டர் சொன்ன இடத்தில் ஒப்படைத்தார். சமையலறையை இரண்டு தடவை கழுவி, கூரைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தார். அவளை உள்ளேயே விடவில்லை. பூண்டுப் பாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தாள். கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், "என்னை ஏண்டி துரத்துறேன்னு இருபது வருஷம் திட்டினேன். துரத்தினதாலதான் தப்பிச்சேன் போல," என்றார்.

"நன்றி சொல்லுங்க."

"நன்றி. ஆனா டோமினோவுல தோத்ததுக்கும் நீதான் காரணம்."

பெண்கள் வந்தார்கள். இனி ஈயம் இல்லை என்றதும் முகம் சுருங்கினார்கள். அதற்குப் பதிலாக ஹஸ்னியா தேன்மெழுகை உருக்கி ஊற்றினாள். கூட ஒன்று செய்தாள்: ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்துவைத்தாள். "ஐயோ, பயம் வெளிய போய் யார் மேலாவது ஏறுமே அக்கா!" என்று பதறினாள் ஒருத்தி. "ஏறட்டும். எதிர் வீட்டு ஃபிக்ரெத் மேலதான் ஏறும். அவன் ஊரையே பயமுறுத்துறவன், கொஞ்சம் அனுபவிக்கட்டும்," என்றாள் ஹஸ்னியா. சிலர் மெழுகுக்கு வேகம் போதாது என்று வேறு ஊருக்குப் போனார்கள். போகிறவர்கள் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து உட்கார வைத்து, தன் நாற்பத்தாறைச் சொல்லித்தான் அனுப்பினாள். கேட்டவர் பாதி, கேட்காதவர் பாதி.

பிரஷர் உடனே இறங்கிவிடவில்லை. மே மாதம் நூற்றுத் தொண்ணூறு. மாத்திரை அதேதான், டாக்டர் ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஜூன் நடுவில் நூற்று எழுபத்தெட்டு. ஜூலையில் ஒரு நாள் நூற்று அறுபத்தைந்து வந்து, அடுத்த வாரமே நூற்று எண்பதுக்கு ஏறி வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. அன்று ஹஸ்னியா வீட்டுக்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. "நடக்காதுங்க. நான் குருடிதான். பழகிக்கிறேன்," என்றாள். நுஸ்ரெத் விடவில்லை. அவளை எழுப்பிக் கையைப் பிடித்து ஆற்றங்கரை வரை நடத்திக்கொண்டு போனார். அன்றிலிருந்து தினமும் நடந்தார்கள். ரத்தத்து ஈயம் நாற்பத்தாறிலிருந்து இருபத்தெட்டுக்கு வந்திருந்தது.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி மறுபடியும் அந்தப் பச்சை அங்கி, அந்தத் தொப்பி, அந்தச் சொட்டு மருந்து. கருவியின் பட்டை கையை இறுக்கியபோது ஹஸ்னியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு விடுங்கம்மா," என்றாள் அந்தப் பெண். பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். ஹஸ்னியாவுக்கு உயிர் போய் வந்தது. இரண்டாவது தடவை பார்த்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத்தான் தெரியுமே!

"நூத்து நாற்பத்தாறுக்கு எண்பத்தெட்டு," என்றாள் அந்தப் பெண்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னாள். ஹஸ்னியா ஓவென்று அழுதுவிட்டாள். கண் டாக்டர் ஓடிவந்து, "அழாதீங்கம்மா! அழுதா திரும்ப ஏறும், கண்ணு வேற சிவந்துடும்!" என்று அதட்டினார். "அழலைய்யா, அழலை," என்று சொல்லிக்கொண்டே அழுதாள். கால் மணி நேரம் அவளை அப்படியே விட்டு, திரும்ப அளந்து பார்த்து, அதன் பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை கண் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு என்றாள். எதிர்ச் சுவரில் எழுத்து வரிசையைக் காட்டினார். கீழிருந்து மூன்றாவது வரி வரை படித்தாள். அதற்குக் கீழே உள்ளதையும் படிப்பேன் என்று சண்டை போட்டாள். வெளியே வந்ததும் வராந்தாவின் அந்தக் கோடி வரை பார்த்தாள். சுவரில் காரை பெயர்ந்திருந்தது, பெஞ்சில் ஒரு கிழவர் காலுறையை மாற்றி மாட்டியிருந்தார், எல்லாம் தெரிந்தது.

வாசற்படியில் நுஸ்ரெத் வழக்கம்போல அவள் முழங்கையைப் பிடித்தார்.

"விடுங்க. எனக்குப் படி தெரியுது."

"மெதுவா. பதினாலு படி இருக்கு."

"எண்ணத் தெரியும் எனக்கு. நீங்க அங்கேயே நில்லுங்க."

அவர் நின்றார். அவள் ஒவ்வொன்றாக இறங்கினாள். கைப்பிடியைத் தொடவில்லை. கடைசிப் படியையும் தாண்டி, பஸ் நிற்கும் இடம் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். நல்ல வெயில். நுஸ்ரெத் மேலேயே நின்றிருந்தார். மீசை முழுக்க நரைத்திருந்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அழறீங்க?" என்று கீழிருந்து கத்தினாள்.

"யார் அழறா? குளிர் காத்து, கண்ணுல தண்ணி வருது!"

"ஆகஸ்ட் மாசத்துல என்னங்க குளிர்?" என்றாள் ஹஸ்னியா. "எனக்கு இங்கிருந்தே தெரியுது."